குதிக்கும் பக்கங்கள்

'ரத்து செய்' பொத்தானைத் தொடப்போகும் நொடியில் இணையப் பக்கம் கீழே நழுவி, விரல் 'வாங்கு' பொத்தானில் பட்டுவிடும். பழி கைபேசியின் மேல் விழுந்தாலும், குறை பெரும்பாலும் பக்கத்தை வடிவமைத்தவருடையது. வடிவமைப்புப் பாடங்கள் நிறத்தையும் அசைவூட்டத்தையும் விரிவாகப் பேசும். பக்கம் அசையாமல் நிற்பதை ஒரு வரியில் கடந்துவிடும்.

குதிப்பதன் காரணம் எளிது. எழுத்து சில கிலோபைட் மட்டுமே, முதலில் வந்துவிடும். படம் பல மடங்கு கனம், பிந்தி வரும். அதன் அளவு தெரியாத உலாவி, இடம் விடாமல் எழுத்துகளை மேலே அடுக்கிவிடும். கோப்பின் தொடக்கத்திலுள்ள அளவு கிடைத்ததும் கீழே இருப்பதையெல்லாம் தள்ளி மறுபடி அடுக்கும்.

தடுக்கும் வழி, படத்தின் அகலத்தையும் உயரத்தையும் எச்டிஎம்எல்லிலேயே எழுதிவைப்பது. பேருந்து ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதும் இதுவும் ஒன்றுதான். ஆள் ஏறுமுன் இடம் உறுதி. உட்கார்ந்தவர் எவரும் நகர வேண்டாம். ஆனால் கைக்குட்டை போட்ட இடத்துக்கு மூன்று பேர் வந்தால் நெரிசல். எட்டு முழ வேட்டியை விரித்தும் ஆள் வராவிட்டால் இடம் வீண். விளம்பரங்கள் இப்படிப்பட்ட பயணிகள்: எத்தனை பருமனாக வரும், வருமா என்பதே தெரியாது. வெற்றிடம் தெரிந்தாலும் பரவாயில்லை என்று குறைந்தபட்ச உயரம் ஒதுக்குவதே நல்லது.

அகலத்தையும் உயரத்தையும் எழுதிவைக்கும் வழக்கம் 1990களிலேயே இருந்தது. 2010இல் ஈத்தன் மார்காட் முன்வைத்த, திரைக்கேற்ப நெகிழும் வடிவமைப்பு பரவியதும், நிலையான அளவுகள் தேவையில்லை என்று பலர் கைவிட்டனர். 2019 இறுதியில் ஃபயர்பாக்ஸும் குரோமும் அந்த எண்களுக்கு மறுவாழ்வு தந்தன.

இப்போது அவை விகிதமாகப் படிக்கப்படுகின்றன. 1200, 800 என்று எழுதினால் 3:2. நடைத்தாளில் (சிஎஸ்எஸ்) படத்தின் அகலம் 100 விழுக்காடு, உயரம் 'ஆட்டோ' என்றிருந்தால், 360 பிக்சல் அகலத் திரையில் 240 பிக்சல் உயரம் படம் வருமுன்பே ஒதுக்கப்படும். இரண்டு எண்கள், ஒரு வகுத்தல்; வேறு மாயம் இல்லை.

குதிப்பை அளக்க 2020இல் கூகுள் ஓர் அளவுகோலை அறிவித்தது. நகர்ந்த பகுதி, பழைய இடமும் புதிய இடமும் சேர்த்து, திரையில் எத்தனை பங்கு என்பதை, நகர்ந்த தொலைவின் பங்கால் பெருக்க வேண்டும். திரையின் மேல்பாதியில் உள்ளது கால் திரை இறங்கினால் 0.75 × 0.25, அதாவது 0.1875. நல்ல பக்கத்துக்கு உச்சவரம்பு 0.1, ஒரே குதிப்பில் அது தாண்டிப்போகும். தொட்ட அரை நொடிக்குள் நேரும் மாற்றம் கணக்கில் சேராது. படிப்பவரே கேட்டது அது.

எழுத்துருவும் குதிக்க வைக்கும். கைபேசியின் எழுத்துருவில் தோன்றிய பத்தி, தளத்தின் எழுத்துரு இறங்கியதும் வேறு அகலம் பெற்று, வரிகள் கூடும் அல்லது குறையும். தற்காலிக எழுத்துருவின் அளவை நடைத்தாளில் முன்கூட்டியே பொருத்தினால் இது பெரிதும் குறையும்.

சோதனைக் கருவி காட்டும் நூற்றுக்கு நூறைக் கொண்டாட அவசரம் வேண்டாம். அது வழக்கமாகப் பக்கம் ஏறும் நேரத்தை மட்டுமே பார்க்கும். கீழே உருட்டும்போது நேரும் குதிப்பு அதன் கண்ணில் படாது. கூகுளின் வரையறையே உண்மையான வருகைகளில் 75 விழுக்காடாவது வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதுதான். மலிவான கைபேசியில், மெதுவான இணைப்பில், கடைசி வரி வரை உருட்டிப் பார்ப்பதே நம்பத் தகுந்த சோதனை.