படுத்தே கிடந்தாலும் 1,284 கலோரி வேண்டும்

சென்ற ஆண்டு பலதுறைத் தொழிற்கல்லூரியின் வலைப்பந்துக் குழுவில் சேர்ந்தபோது என் எடை 54 கிலோ. அது கூடாமல் குறையாமல் இருந்தால் போதும் என்று கைப்பேசியில் ஒரு செயலியைப் பதிவிறக்கம் செய்தேன். நாளுக்கு 1,200 கலோரி என்று அது காட்டியது. அந்த எண் எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. காலை உணவை விட்டேன். உணவங்காடியில் கோழிச் சோறு வாங்கினால் பாதியைத் தோழிக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் வாரம், பயிற்சியின் நடுவே கண் இருட்டிக்கொண்டு வந்தது. என்னை ஓரமாக உட்கார வைத்த பயிற்றுநர், கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். "எடையைக் குறைக்கணும்னுல்ல இதுல போட்டிருக்கே!" என்றார். பிறகு ஒரு தாளைக் கொடுத்து என்னையே கணக்குப் போடச் சொன்னார்.

1990ஆம் ஆண்டில் வெளிவந்த மிஃப்லின் - செயின்ட் ஜோர் சூத்திரம் அது. கிலோகிராமில் எடையை 10ஆலும், சென்டிமீட்டரில் உயரத்தை 6.25ஆலும் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். அதிலிருந்து வயதின் 5 மடங்கைக் கழிக்க வேண்டும். கடைசியில் ஆண்கள் 5 கூட்ட வேண்டும். பெண்கள் 161 கழிக்க வேண்டும். என் உயரம் 160 செ.மீ., வயது 19. ஆக, 540 + 1,000 – 95 – 161 = 1,284.

நாள் முழுக்க அசையாமல் படுத்துக் கிடந்தாலும் இதயம் துடிக்க, மூச்சுவிட, மூளை இயங்க என் உடலுக்குச் செலவாகும் கலோரி அது. நானோ அதைவிடக் குறைவாகச் சாப்பிட்டுவிட்டுப் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தேன்!

அடுத்தது நடமாட்டக் கணக்கு. பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவர் அந்த எண்ணை 1.2ஆல் பெருக்க வேண்டும். வாரத்தில் ஓரிரு நாள் லேசான உடற்பயிற்சி செய்பவருக்கு 1.375, மூன்று முதல் ஐந்து நாள் மிதமான பயிற்சி செய்பவருக்கு 1.55. வாரம் நான்கு நாள் விளையாடும் எனக்கு ஏறத்தாழ 1,990 கலோரி வந்தது. இங்கே நேர்மை முக்கியம். எப்போதாவது மெதுவோட்டம் ஓடுபவர் 1.55 போட்டால் கணக்கு தப்பிவிடும்.

இதுவும் ஒரு மதிப்பீடுதான். அதனால் காலையில் எழுந்ததும் எடை பார்த்து, வாரச் சராசரியைக் குறித்துவைத்தேன். ஒரு நாள் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் உடலில் உள்ள நீரின் வேலை. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து குறைந்தால் 100 கலோரி கூட்டலாம், ஏறினால் குறைக்கலாம்.

உயர்நிலைப் பள்ளித் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: இந்தச் சூத்திரம் பெரியவர்களுக்கானது. வளரும் வயதில் எடை கூடுவது இயல்பு. கணக்குப் பார்த்து உணவைக் குறைக்காதீர்கள். கவலை இருந்தால் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேளுங்கள்.

இப்போது கோழிச் சோற்றை நானே முழுதாகச் சாப்பிடுகிறேன். தோழிக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.