கழற்றும் முன் அளந்துபாருங்கள்

பழைய டீசல் ஜீப் காலையில் கிளம்ப மறுத்தால் முதலில் பழி சுமப்பது பேட்டரிதான். புதிய பேட்டரி மாட்டியதும் வண்டி கிளம்பும். இரண்டு வாரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் மறுபடியும் ‘டக்’ என்று ஓர் ஓசை, அதோடு சரி. அடுத்து செல்ஃப் மோட்டார் மாறும். அதற்கும் அடங்காவிட்டால், ‘கம்ப்ரஷன் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும்’ என்ற தீர்ப்பு வரும். இந்த வரிசையில் செலவான பணம் எல்லாம் பழுதுக்குப் போகவில்லை, ஊகத்துக்குப் போனது. பழைய ஜீப்பை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே என் பதில். ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன், எதெல்லாம் காரணம் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வரும் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமைக்குப் பழைய ஜீப் நன்றாகவே ஈடுகொடுக்கும். 1947இல் வில்லிஸ் ஜீப்பை இந்தியச் சாலைகளுக்குக் கொண்டுவந்த மகிந்திரா, பிற்காலத்தில் எம்எம் 540 போன்ற வண்டிகளில் பெஷோ வடிவமைத்த 2112 சிசி டீசல் இன்ஜினைப் பொருத்தியது. அதில் கணினி கிடையாது. டீசலை அளந்து அனுப்புவது பம்ப், அந்தப் பம்ப்பைச் சுழற்றுவது இன்ஜின். ஓடத் தொடங்கிவிட்டால் டீசலைக் கொளுத்த மின்சாரமே தேவையில்லை. கிளம்பும் நேரத்தில் வேண்டியவை மூன்று: போதுமான வேகத்தில் சுழற்சி, சிலிண்டருக்குள் போதுமான சூடு, உரிய கணத்தில் வந்துசேரும் டீசல். இந்த மூன்றையும் தனித்தனியே சோதிக்க முடிவதுதான் இவ்வகை வண்டியின் பெரிய வசதி.

சுழற்சியிலிருந்து தொடங்குவோம். டீசல் இன்ஜினைச் சுழற்றும்போது செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது என்று கொள்வோம். பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்பு, அந்த இணைப்பில் 0.01 ஓம் தடையை உண்டாக்கினாலே 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். பன்னிரண்டு வோல்ட் வண்டியில் அது ஆறில் ஒரு பங்கு. அதே இணைப்பின் வழியாக ஹெட்லைட்டுகளுக்குப் போவது 10 ஆம்பியர் அளவுதான் என்பதால் அங்கே இழப்பு 0.1 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ‘லைட் பளிச்சென்று எரிகிறது, ஆகவே ஒயரில் குறையில்லை’ என்ற வாதம் இங்கேதான் சறுக்குகிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும் மறு முனையை அதைக் கவ்வும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொன்னால் உண்மை எண்ணாகவே வந்துவிடும். இணைப்பு நன்றாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். எர்த் குமிழுக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே அளந்தால் எர்த் கம்பியின் யோக்கியதையும் தெரிந்துவிடும். புதிய பேட்டரி இரண்டு வாரம் வேலை செய்ததற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பேட்டரியை மாற்றியபோது டெர்மினலைக் கழற்றித் தேய்த்து இறுக்கினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாறின, பெயர் ஒன்றுக்குப் போயிற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று பள்ளி ஆய்வுக்கூடத்தில் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது, சூடு. டீசல் இன்ஜினில் தீப்பொறி இல்லை. காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் கீழே நெருக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது, அதில் பாயும் டீசல் தானாகப் பற்றுகிறது. ஆனால் இன்ஜின் மெதுவாகச் சுழன்றால், நெருக்கப்பட்ட காற்றுக்குக் குளிர்ந்த சுவரில் சூட்டை இழக்கவும் பிஸ்டன் ரிங் வழியாகக் கசியவும் நேரம் கிடைத்துவிடுகிறது. ஆகவே டெர்மினலில் தொலைந்த 2 வோல்ட், தேய்ந்துபோன ரிங்கின் வேஷம் போட்டுக்கொண்டு வரக்கூடும். இன்ஜினை இறக்கச் சொல்லும் தீர்ப்பை ஏற்குமுன் சுழற்சியை அளந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. கிளம்பும் முன் சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கையும் ஒயரைக் கழற்றி மீட்டரால் தொட்டுப் பார்த்தால் போதும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் மின்தொடர்பே காட்டாது.

மூன்றாவது டீசல். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காதபோது சைலன்சரைப் பார்க்க வேண்டும். வெண்புகை வந்தால் பெரும்பாலும் டீசல் வந்துசேர்கிறது, பற்றவில்லை. சந்தேகம் சூட்டின் பக்கம் திரும்பும். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. பெரும்பாலும் காரணம் ஏர் லாக். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் திறக்க வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தம் வேண்டும். டீசலை அழுத்தினால் அது அப்படியே போய்ச் சேரும், இடையில் காற்றுக்குமிழி இருந்தாலோ பம்ப்பின் உழைப்பெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். காற்று நுழையும் வழியைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு பொறி உண்டு. டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையிலான குழாயில் உறிஞ்சுதல் நடப்பதால் அங்கே விரிசல் விட்டால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுகூட இல்லாததைக் குழாயின் நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. சுத்தமான டீசல் உள்ள கேனிலிருந்து ஒரு புதுக் குழாயை நேரே ஃபீட் பம்ப்புக்குக் கொடுத்து, காற்றை வெளியேற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். ஒழுங்காக ஓடினால் குற்றம் டேங்கின் பக்கம், ஓடாவிட்டால் பம்ப்பின் பக்கம். ஒரே சோதனையில் சந்தேகத்தின் பரப்பு பாதியாகிவிட்டது.

பழுதுபார்ப்பதாலேயே உண்டாகும் பழுதுக்கும் இதே ஒழுங்குதான் காப்பு. சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் பத்து டிகிரி கோணத்தில் சுழன்றால், மறுபக்கத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஒன்றரை சதவீதம் கூடிக் குறையும். அடுத்த முனையில் உள்ள ஜாயின்ட் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டுகிறது, இரண்டு கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் மட்டும். கிரீஸ் வைக்கக் கழற்றிய ஷாஃப்டை ஒரு பல் தள்ளிப் பூட்டினால், நல்ல ஜாயின்ட்டுகளோடேயே வண்டி அதிரும். கழற்றும் முன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அனுபவசாலி மெக்கானிக் காதால் கேட்டே சொல்லிவிடுவாரே, மீட்டர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்புகளை நாள்தோறும் கவனிப்பவரின் காது, நூற்றுக்கணக்கான பழுதுகளைக் கேட்டுப் பழகிய அளவுகோல். ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு அந்தக் காது வாய்க்காது, அந்தக் குறையைத்தான் மீட்டர் நிரப்புகிறது. புதிய வண்டியில் ஸ்கேனரே எல்லாவற்றையும் சொல்லிவிடுமே என்பது இன்னொரு வாதம். ஸ்கேனர் தரும் எண் எந்தச் சென்சாரின் அளவு தவறுகிறது என்று சொல்லும். தவறியது சென்சாரா, அதன் ஒயரா என்பதை அங்கேயும் அளந்துதான் அறிய வேண்டும்.

உயிரைப் பற்றிய ஆட்சேபம் இவற்றைவிடக் கனமானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அதைக் கையால் தடவிப் பார்ப்பது ஆபத்து. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். தரநிர்ணயப்படி டாட் 3 வகைக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140. மலை இறக்கத்தில் அது கொதித்துக் குமிழி கட்டினால், டீசல் குழாயில் காற்று செய்த அதே வேலையை நீராவி பிரேக்கில் செய்யும். மிதித்த மிதியெல்லாம் குமிழியைச் சுருக்கப் போய்விடும், சக்கரம் நிற்காது. பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் தேர்ந்த கையிடம் விடுவதே முறை. டீசல் பம்ப்பின் அளவைச் சீர்செய்யவும் அதற்கென்றே உள்ள சோதனை மேசை வேண்டும், கரும்புகை கக்கும் வண்டிக்கு இது இன்னும் பொருந்தும். ஆனால் கேனிலிருந்து டீசல் கொடுத்தும், காற்றை வெளியேற்றியும், செல்ஃபின் வேகத்தை உறுதிசெய்தும் புகை வரவில்லை என்றால், குறை பம்ப்பில்தான் என்ற முடிவை வீட்டு வாசலிலேயே எட்டிவிடலாம். பம்ப்பை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகலாம். நல்ல பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் வண்டியிலேயே இருக்கும்.