உங்க சம்பளம் 30,000, கிளையண்ட் கட்டுறது 50,000: நடுவுல இருக்கிற 20,000 எங்கே போகுது?

காலையில கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல மீஞ்சூர், பொன்னேரி தாண்டிப் போறவங்கள்ல நிறைய பேர் சிப்காட் கம்பெனியோட நேரடி ஊழியர் கிடையாது. ஏதோ ஒரு இன்ஜினியரிங் கன்சல்டிங் நிறுவனத்தோட ரோல்ல இருந்துகிட்டு, கிளையண்ட் சைட்டுக்குப் போறவங்க. இவங்களுக்கு ஒரு நாள் தற்செயலா பில் கண்ணுல படும். நம்ம பேர்ல மாசம் 50,000 போகுது, நமக்கு வர்றது 30,000. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது!

கோபப்படுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான்.

உங்க சம்பளம் 30,000, அதுல பேசிக் 15,000. நிறுவனத்தோட பிஎஃப் பங்கு 12%, இன்ஷூரன்ஸும் நிர்வாகக் கட்டணமும் சேர்த்து இன்னொரு 1%, ஆக 1,950. கிராஜுவிட்டிக்கு 4.81% ஒதுக்கினா சுமார் 720. (இந்தக் கணக்குல இஎஸ்ஐ சேர்க்கலை.) மெடிக்கல் பாலிசி, போனஸ், பயணப்படி, சேஃப்டி ஷூ எல்லாம் சேர்த்தா 36,000னு வைங்க. ஆபீஸ் வாடகை, அக்கவுண்ட்ஸ் ஆள், உங்களை மேய்க்கிற மேனேஜர் சம்பளம்னு தலைக்கு 8,000. மொத்தம் 44,000. மிச்சம் 6,000தான்.

அந்த 6,000கூட வருஷம் முழுக்க நீங்க பில் ஆனாத்தான். வருஷச் செலவு 5,28,000. 11 மாசம் பில் ஆனா வரவு 5,50,000, லாபம் 22,000. 10 மாசம்னா வரவு 5,00,000. நஷ்டம் 28,000. ரெண்டு மாசம் பெஞ்ச்ல உட்கார்ந்தா முடிஞ்சது கதை. 2025 ஜூன்ல டிசிஎஸ், ஒரு ஊழியர் வருஷத்துக்குக் குறைந்தது 225 நாள் பில் ஆகணும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக்கூடாதுன்னு விதி கொண்டு வந்ததுக்குப் பின்னாடி இருக்கிறதும் இந்த மாதிரி கணக்குதான். அவ்வளவு பெரிய நிறுவனமே நாள் எண்ணுதுன்னா, அம்பத்தூர்ல 40 பேரை வச்சு நடத்துறவர் எண்ணாம இருப்பாரா?

அப்போ லாபம் எங்கே கிடைக்குது? ஆளைக் கலந்து அனுப்புறதுல. 6 லட்சத்துக்கு, 2 மாசத்துல முடிக்கணும்னு ஒரு ஃபிக்ஸட் பிரைஸ் வேலை. எல்லா செலவும் சேர்த்து மாசம் 90,000 ஆகுற சீனியர் மூணு பேரைப் போட்டா செலவு 5.40 லட்சம். அதே வேலைக்கு ஒரு சீனியர், உங்களை மாதிரி மூணு ஜூனியர்னா 4.44 லட்சம். லாபம் 60,000ல இருந்து 1.56 லட்சமா ஏறுது. ஆனா டிராயிங்ல தப்பு வந்து, ரீவொர்க் ஆகி, மூணாவது மாசத்துக்கு இழுத்துச்சுன்னா? செலவு 6.66 லட்சம், கைக்காசு 66,000 போச்சு. ஜூனியரைப் போட்டு மிச்சம் பிடிக்கிறது சரிதான். அவங்களுக்குப் பக்கத்துல நிற்கவேண்டிய சீனியரையும் வேற சைட்டுக்கு இழுத்துட்டுப் போறாங்க பாருங்க, அதைத்தான் நான் முட்டாள்தனம்னு சொல்லுவேன்.

காலையில கும்மிடிப்பூண்டி, மதியம் திருவள்ளூர்னு ஒரே ஆளைப் பங்கு போடுறதும் அப்படித்தான். மேப்ல பார்த்தா ரெண்டும் ஒரே மாவட்டம். ட்ரெயின்ல போகணும்னா சென்னைக்கு வந்து லைன் மாறணும். இல்லைன்னா பெரியபாளையம் பக்கமா ரோட்ல சுத்தணும். அந்த நேரத்துக்கு எந்த கிளையண்டும் பணம் தர மாட்டான்.

இன்னொரு தொல்லை, பணம் வர்ற நேரம். உங்க சம்பளம் மாசக் கடைசியில போயாகணும். பில் போட்டாச்சுன்னா, கிளையண்ட் கொடுத்தாலும் கொடுக்காட்டியும், 50,000க்கு மேல போட்ட 18% ஜிஎஸ்டி 9,000ஐப் பொதுவா அடுத்த மாசம் 20ஆம் தேதிக்குள்ள கட்டணும். உத்யம் பதிவு பண்ணின சிறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள்ள பணம் தரணும்னு சட்டம் இருக்கு. தாமதமானா, உண்மையா பணம் கொடுக்கிற வருஷத்துலதான் கிளையண்ட் அதை வருமான வரிக் கணக்குல செலவாக் காட்ட முடியும். இருந்தும் "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்"தான்.

இப்போ உங்க விஷயம். ஹைக் கேட்கணும்னா ஏப்ரலுக்காகக் காத்திருக்காதீங்க; கிளையண்ட் ஒப்பந்தம் புதுப்பிக்கிறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே மேனேஜர்கிட்ட பேசுங்க. ரேட் ஏறுற ஒரே நேரம் அதுதான். போன வருஷம் எத்தனை நாள் பில் ஆனோம், உங்களால எந்த ரீவொர்க் தவிர்த்தோம்னு ஒரு பக்கத்துல எழுதி எடுத்துட்டுப் போங்க. சைட் முடியப் போகுதுன்னு தெரிஞ்சா, புது பைக் இஎம்ஐயைத் தள்ளிப் போட்டுட்டு, ஆறு மாசச் செலவு சேர்ற வரைக்கும் அந்தத் தொகையை ஆர்டியிலயோ லிக்விட் ஃபண்ட்லயோ போட்டு வைங்க.