கன்றின் குருதி இல்லாமல் கலம் வளருமா?

விசர்நாய்க்கடித் தடுப்பூசியில் மாட்டின் இரத்தம் கலந்திருக்கிறதா என்று அட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். 2021 ஜூனில் இந்தியாவிலும் இதே கேள்வி கோவேக்சின் என்ற கொவிட் தடுப்பூசியை வைத்துப் பெரிதாகக் கிளம்பியது. அம்மாதம் 16ஆம் திகதி இந்திய சுகாதார அமைச்சு விளக்கம் கொடுத்தது: புதிதாகப் பிறந்த கன்றின் நீர்ப்பாயம், அதாவது சீரம், வைரசுக்கு இடம் கொடுக்கும் வேரோ கலங்களைப் பெருக்கவே பயன்படுகிறது, பின்னர் அது கழுவி நீக்கப்படுகிறது, ஊசியில் ஏறும் மருந்தில் அது இல்லை. கலங்களில் வளர்த்த விசர்நாய்க்கடித் தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் ஓர் எல்லையும் வகுத்திருக்கிறது. ஒரு வேளை மருந்தில், மாட்டின் நீர்ப்பாயத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் 50 நனோகிராமைத் தாண்டக்கூடாது. ஒரு நனோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. ஆகவே நாய் கடித்தால் தயங்காமல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நோயின் அறிகுறி தொடங்கிய பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர்தான்.

கேள்வியின் மற்றப் பாதிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கலத்தை வளர்க்கக் கன்றின் இரத்தம் எதற்கு? அது இல்லாமல் முடியாதா?

சீனி, உப்பு, அமினோ அமிலம், விற்றமின் எல்லாவற்றையும் அளந்து கலந்த ஊடகத்தில் போட்டாலும் பெரும்பாலான விலங்குக் கலங்கள் பெருகுவதில்லை. நூற்றுக்குப் பத்துப் பங்கு நீர்ப்பாயம் ஊற்றினால் பெருகத் தொடங்கிவிடும். அதில் ஏதோ சத்து இருக்கிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். உண்மை அதைவிட அழகானது.

நம் நாளங்களில் ஓடும் இரத்தத்தில் நீர்ப்பாயம் என்று ஒன்று கிடையாது. ஓடுவது திரவவிழையம். இரத்தம் வெளியே வந்து உறைந்து, கட்டி சுருங்கும்போது கசிகிற வைக்கோல் நிற நீர்தான் நீர்ப்பாயம். 1974இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ரசல் றொஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். இரத்தத்தின் ஒரு பகுதியை அப்படியே உறையவிட்டு நீர்ப்பாயம் எடுத்தார்கள். இன்னொரு பகுதியில் குருதிச் சிறுதட்டுகளை முதலில் நீக்கிவிட்டு எடுத்தார்கள். குரங்கின் நாடித் தசைக் கலங்கள் முதலாவதில் பெருகின, இரண்டாவதில் சும்மா கிடந்தன. இரண்டாவதோடு சிறுதட்டின் சாற்றைச் சேர்த்ததும் மறுபடி பெருகத் தொடங்கின.

சிறுதட்டு என்பது கரு இல்லாத சிறு துணுக்கு. அதன் வயிறு நிறைய அல்பா மணிகள் என்ற பொதிகள் இருக்கின்றன. கவாத்துக் கத்தி விரலில் பட்டு, தோலுக்கடியில் உள்ள கொலாஜன் நார் வெளியே தெரிந்தால், சிறுதட்டு அதில் ஒட்டிப் பொதிகளைக் கொட்டிவிடும். கொட்டுவதில் முக்கியமானது சிறுதட்டு வளர்ச்சிக் காரணி என்ற புரதம். அதற்கு இரண்டு பிடிகள் உண்டு. கலத்தின் சவ்வில் தனித்தனியாக மிதக்கும் இரண்டு வாங்கிகளை இரு பிடியாலும் பிடித்து அது பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. அருகில் வந்த வாங்கிகள் ஒன்றின் வாலில் மற்றது பொசுபேற்றை ஏற்றுகின்றன. அங்கே தொடங்கும் செய்தி புரதம் மாறிப் புரதமாகக் கலக் கருவுக்குப் போய்ச் சேர்கிறது. கலம் பிரிகிறது. கிண்ணத்தில் கிடக்கும் கலத்துக்கு நீர்ப்பாயம் சொல்வது இதைத்தான்: இங்கே காயம் பட்டிருக்கிறது, பெருகி மூடு.

மலையகத்து வாசகர்களுக்கு இதை விளக்கக் கவாத்து ஒன்றே போதும். நாலைந்து வருடம் கொழுந்து எடுத்துக் களைத்த தேயிலையை வெட்டித் தள்ளினால், உறங்கிய அரும்புகள் வெட்டுண்ட கிளையிலிருந்து கிளம்புகின்றன. கத்தி செடிக்குச் சோறு போடவில்லை, கட்டளை மட்டும் கொடுத்தது. சோறு வேரில் சேர்ந்த மாப்பொருளிலிருந்து வருகிறது. அதனால்தான் வெட்டுமுன் வேர்த்துண்டில் அயடீன் தடவி மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. இல்லாத செடியை வெட்டினால் பட்டுப்போகும். கலத்துக்கும் அதே கதிதான். சீனியும் அமினோ அமிலமும் இல்லாத ஊடகத்தில் எவ்வளவு சிறுதட்டுச் சாறு ஊற்றினாலும் அது சாகும். இன்னும் கொஞ்சம் போவோம். கவாத்துக்குப் பின் வரும் துளிர்களை ஓடவிட்டால் மட்டம் கிடைக்காது, நுனி கிள்ளவேண்டும். நீர்ப்பாயத்துக்குள்ளும் அப்படிக் கிள்ளும் விரல் இருக்கிறது. தோலுக்கடியில் உள்ள நார்க்கலங்களைப் பெருக்கும் அதே நீர், மூச்சுக்குழாயின் உள்வரிக் கலங்களைப் பிரியவிடாமல் நிறுத்தி முதிர வைத்துவிடுகிறது. எல்லாக் கலத்துக்கும் அது அமுதம் என்ற நம்பிக்கை இங்கேயே உடைந்துபோகிறது.

சரி, ஏன் கன்று? ஆய்வுகூடங்கள் பெரிதும் நாடுவது பிறக்காத கன்றின் நீர்ப்பாயத்தை. அது ஏன்? லயத்தில் பசு வைத்திருப்பவர்கள் கன்று விழுந்த கையோடு சீம்பாலைக் குடிக்கவிடுவார்கள். பசுவின் சூல்வித்தகம் தாயின் பிறபொருளெதிரிகளைக் கருவுக்குள் விடுவதில்லை. கன்று ஏறத்தாழ அவை எதுவும் இல்லாமல் பிறந்து, முதல் நாள் சீம்பாலில்தான் அவற்றைப் பெறுகிறது. எனவே கருவின் இரத்தத்தில், வளரும் கலத்தோடு மோதக்கூடிய பிறபொருளெதிரிகள் மிகக் குறைவு, வளர்ச்சிக் காரணிகளும் நிறைய உண்டு. இந்த வசதிக்காகச் சினைப்பசு அறுக்கப்படும் இடத்தில் கருவின் இதயத்தில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும் தொழில் வளர்ந்தது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 5 இலட்சம் லீற்றர், அதற்காக 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் என்று 2002இல் வெளியான மதிப்பீடு ஒன்று சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டு மனம் கலங்குவது அறியாமை ஆகாது. அறிவியலுக்கும் இதில் நட்டம்தான். ஒவ்வொரு தொகுதி நீர்ப்பாயத்திலும் என்னென்ன எவ்வளவு என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. தொகுதி மாறினால் ஆய்வு முடிவும் மாறலாம்.

வரலாறு சுருக்கமாகப் போதும். கருக்கன்றின் நீர்ப்பாயத்தைப் பரவலாக்கியவர் தியடோர் பக், 1958இல். கலத்தில் வளர்த்த ஊசி வருமுன் நாய்க்கடி ஊசி பெரும்பாலும் செம்மறியாட்டின் மூளையிலிருந்து வந்தது. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் நம் உறவினர் பலர் போய்க் குடியேறிய நீலகிரியில், குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டியர் நிறுவனம் அந்த ஊசியைப் பல பத்தாண்டுகள் தயாரித்தது. வயிற்றில் நாள்தோறும் குத்திய அந்த ஊசியால் சிலருக்கு நரம்பு பாதித்து வாதம் வந்தது. அதோடு ஒப்பிட்டால் கலத்தில் வளர்த்த ஊசி பெரிய முன்னேற்றம்.

இனி மாற்று வழிகள். காயத்தின் செய்திதான் தேவை என்றால், சிறுதட்டை நேரடியாக எடுக்கலாமே? இரத்த வங்கிகளில் சிறுதட்டுகளை அசைத்தபடியே வைத்திருந்தாலும் வழக்கமாக 5 நாளில் காலாவதியாகிவிடும். அவற்றை உறையவைத்து உருக்கினால் உடைந்து பொதிகளைக் கொட்டும். மனிதக் கலங்கள் பல இந்தச் சாற்றில் கன்றின் நீர்ப்பாயத்தை விட நன்றாகவே வளர்கின்றன. ஆனால் சாற்றில் பைபிரினோஜன் இருப்பதால் ஊடகம் களியாக உறைந்துவிடும். அதைத் தடுக்க ஹெபரின் சேர்ப்பார்கள். ஹெபரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது! விலங்குப் பொருள் இல்லை என்று விளம்பரம் செய்யும் முறைக்குள் பன்றி இப்படி நுழைந்துவிடுகிறது. கல்சியம் குளோரைட்டால் முன்கூட்டியே உறையவைத்துக் கட்டியை நீக்கினால் ஹெபரின் தேவையில்லை. அப்போதும் ஒன்று மிச்சம் இருக்கிறது: கொடையாளருக்குக் கொடையாளர் சாறு மாறும்.

அதைவிட உறுதியானது, செய்திகளைத் தனித்தனியாகத் தயாரித்து அளந்து ஊற்றுவது. 2011இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தொம்சனின் குழு எட்டே பொருள்களில் மனிதத் தண்டுக் கலங்களை வளர்த்துக் காட்டியது. அதே ஆண்டு சீனாவின் வூஹானில் நெல்மணிக்குள் மனித அல்புமினை விளைவித்தார்கள். கலங்களை வளர்த்து இறைச்சியாக்கும் ஆய்வுகூட இறைச்சிக்காரர்களின் ஆரவாரமும் இங்கேதான் மாட்டிக்கொண்டது. 2013இல் இலண்டனில் சமைத்துக் காட்டிய முதல் பேர்கர் கன்றின் நீர்ப்பாயத்தில் வளர்ந்ததுதான். 2020 டிசம்பரில் சிங்கப்பூர் அனுமதித்த கோழி இறைச்சியிலும் அது பயன்பட்டது. நீர்ப்பாயம் இல்லாத முறைக்கு அங்கே அனுமதி கிடைத்தது 2023 ஜனவரியில். விலை இன்னும் பெரிய தடை. நார்க்கல வளர்ச்சிக் காரணி போன்றவை செலவானவை. 37 பாகை வெப்பத்தில் அது ஒரு நாளுக்குள் பெருமளவு சிதைந்தும் போகிறது.

2020இல் சிக்காகோவில் போல் பரிஜ்ஜின் குழு அந்தக் காரணிகளைச் சாதாரண ஈகோலி பக்ரீரியாவில் தாங்களே தயாரித்து, ஊடகத்தின் விலையை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, செய்முறையை வெளிப்படையாகப் பதிப்பித்தது. எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது இந்தச் செய்தி. இதற்கு வேண்டிய கருவிகள் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடம் எதிலும் இருக்கக்கூடியவை. பேராதனை போன்ற பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் குழு அந்தக் காரணிகளை இங்கேயே செய்தால், வெளிநாட்டு நீர்ப்பாயத்துக்கு டொலர் கொட்டவேண்டிய தேவை குறையும்.

ஒவ்வொரு வகைக் கலத்துக்கும் தனிச் சமையல் வேண்டும் என்பதால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். அதனால் நீர்ப்பாயம் இல்லை என்ற முத்திரையைக் கண்டதும் கைதட்டாமல் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கலத்துக்கு? உள்ளே என்னென்ன, எவ்வளவு? கலத்தைக் கிண்ணத்திலிருந்து பிரிக்கும் நொதியம் பன்றியின் சதையியிலிருந்து வந்ததா? பட்டியலை முழுதாக வெளியிடும் ஊடகத்தை எந்த நாட்டு ஆய்வுகூடமும் செய்து பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம். பட்டியலை மறைத்து விற்கும் ஊடகத்தை வாங்குகிறவர், கன்றின் நீர்ப்பாயத்தைப் போலவே உள்ளே இருப்பது தெரியாத இன்னொரு திரவத்தைத்தான் வாங்குகிறார்.