எண்பெருஞ் சித்திகளும் வியூக விளையாட்டும்

சித்திரக்கதை வீரர்தம் அரும்பேராற்றல்களை வியூக விளையாட்டிற்கென வகைப்படுத்தப் புகுவோர்க்கு அட்டமாசித்தி நல்லதோர் அளவுகோலாகும். திருமூலர் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் இவற்றை விளக்கியுள்ளார்.

இவ்வெட்டும் மூவகைப்படும். நுண்ணுருக் கொள்ளும் அணிமா, பேருருக் கொள்ளும் மகிமா, இலேசாகும் இலகிமா, கனமாகும் கரிமா ஆகிய நான்கும் உடல் பற்றியன. எண்ணியதை எய்தும் பிராப்தியும் விரும்பியதை முடிக்கும் பிராகாமியமும் விழைவு பற்றியன. ஆளும் ஈசத்துவமும் வயப்படுத்தும் வசித்துவமும் பிறர் பற்றியன.

உடல் பற்றியவை தம்முள் முரணும் இணைகளாதலின் ஒன்றையொன்று தடுக்கும். இலங்கைக்குக் கடல் தாவிய அனுமன் சுரசையின் பெருவாயை வென்றது சிற்றுருவினாலன்றோ? ஆட்சியாற்றலுக்கோ அத்தகைய எதிரிணை இல்லை. சதுரங்கத்தில் ஒவ்வொரு காயும் தன் எல்லைக்குட்பட்டே இயங்குதலால் ஆட்டம் நிலைபெறுகின்றது. எதிரிணையற்ற ஆற்றலுக்கும் விதியே எல்லை வகுத்தல் வேண்டும். இன்றேல் சூழ்ச்சிக்கு இடமின்றி ஆட்டம் முதல் நகர்விலேயே முடிந்துவிடும்.