எக்ஸும் நியூஸும்

1980களில், பணிநிலையக் கணினிகளின் திரையைச் சாளரங்களாகப் பகுத்தாளும் உரிமைக்கு இரு முறைமைகள் பொருதின. ஒன்று, 1984 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பிறந்த எக்ஸ். மற்றையது, 1986 இல் சன் நிறுவனத்தார் அறிவித்த நியூஸ்.

நல்லூர் முற்றமொன்றிற் கோலமிடும் சிறுமிக்குத் தாய் திண்ணையிலிருந்து கோடு கோடாகச் சொல்லிக்கொடுத்தல் எக்ஸின் வழி. கோலவிதியையே ஒருமுறை கற்பித்தல் நியூஸின் வழி. பின்னது, போஸ்ற்ஸ்கிறிப்ற் நிரல்களைத் திரையுள்ள பொறிக்கே அனுப்பி, வலையமைப்பின் சுமையைக் குறைத்தது. எழுத்துக்களைப் பெருக்கினும் வடிவு கெடாது காத்தது. நுட்பத்தில் நியூஸே மேம்பட்டதென்க.

ஆயினும், எக்ஸின் மூலநிரல் விலையின்றிக் கிடைத்தது. நியூஸுக்கோ சன்னிடம் உரிமம் பெறல் வேண்டும். போட்டியாளன் வாயிலிற் பொருளோடு நிற்க எவர் ஒருப்படுவர்? டிஜிற்றல், ஹியூலற் பக்காட் முதலியோர் எக்ஸையே தழுவினர். சன் இரண்டையும் ஒருங்கிணைத்துப் பார்த்து, 1990களின் முற்பகுதியில் நியூஸைக் கைவிட்டது. நிரலை அனுப்பி மறுமுனையில் இயக்கும் எண்ணமோ, நியூஸை ஆக்கியோருள் ஒருவரான ஜேம்ஸ் கொஸ்லிங்கின் ஜாவா மொழியில், 1995 இல் மீண்டும் தலையெடுத்தது.