வலிக்கிற காலை நடக்க விடலாமா?

"கெண்டைக்காலைக் கவ்விப் பிடிக்குதுடி. ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தா விட்டுடுது. மறுபடி நடந்தா மறுபடி பிடிக்குது" என்று அம்மா சொன்னபோது நான் சொன்ன பதில் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. "வயசாச்சில்லே? பேசாம வீட்டிலேயே உட்காரும்மா."

அம்மாவும் உட்கார்ந்துவிட்டாள். கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில்தான் வீடு. தினமும் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போய் வந்தவள், திண்ணையோடு நின்றுவிட்டாள். தைலம் தேய்த்தோம். வாயு என்று நினைத்துப் பூண்டுக் குழம்பு வைத்தோம். ஒரு டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்று வலி மாத்திரை கொடுத்தார். எட்டு மாதம் இப்படியே போயிற்று.

அடுத்துப் பார்த்த டாக்டர், பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்தார். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 0.9-க்குக் கீழே வரக்கூடாதாம். அம்மாவுக்கு 0.7. பதினைந்து வருஷச் சர்க்கரை. போதாததற்கு வெற்றிலையோடு புகையிலை வேறு. காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து பாதை குறுகிவிட்டது. உட்கார்ந்திருந்தால் வருகிற ரத்தம் போதும். நடந்தால் தசை அதிகம் கேட்கும், கிடைக்காது, வலிக்கும்.

"நிறைய நடக்கணும்" என்றார் டாக்டர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

இதயத்தைப் பரிசோதித்த பிறகு முறையைச் சொல்லிக் கொடுத்தார். வலி நன்றாகத் தெரியும் வரை நடக்கணும். நின்று, வலி முழுக்க விட்டதும் மறுபடி நடக்கணும். இப்படி அரைமணி முதல் முக்கால் மணி, வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். இது புது யோசனையும் இல்லை. 1966-லேயே லார்ஸன், லாஸன் என்ற டென்மார்க் டாக்டர்கள், தினசரி நடைப்பயிற்சியால் இப்படிப்பட்ட நோயாளிகள் அதிக தூரம் நடக்க முடிந்ததை எழுதியிருக்கிறார்கள்.

"அடைப்பு கரைஞ்சிடுமா?" என்று கேட்டேன். கரையாதாம். அப்புறம் எப்படி?

மாற்றம் நடப்பது உயிரணுக்களில். தசையின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டி அடுப்புகள் உண்டு. பிராணவாயுவைக் கொண்டு சக்தி தயாரிப்பவை. ரத்தம் சரிவர வராத காலில் இவை ஈர விறகு போட்ட அடுப்பாகி, சக்தியைக் குறைத்து, புகை போலத் தீங்கான கழிவைக் கூட்டிவிடுகின்றன. நடந்து பழகப் பழக, வருகிற கொஞ்சப் பிராணவாயுவையே தசை சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது. மாதக் கடைசியில் நாம் குடும்பம் நடத்துகிற மாதிரிதான்! தசை நார்களைச் சுற்றி மெல்லிய நுண்குழாய்களும் கூடுதலாக முளைக்கின்றன.

ரத்தக்குழாயின் உள்பக்கம் ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள் தளம் போட்டது போல இருக்கின்றன. நடக்கும்போது ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓட, அவை நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. குழாய் தளர்ந்து விரிகிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்ததற்காக 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லோரும் இன்றைக்கே நடக்கக் கிளம்பிவிடாதீர்கள். ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, விரலில் புண் ஆறாமல் இருந்தாலோ, கறுத்தாலோ நடைப்பயிற்சி அல்ல, உடனே டாக்டர்தான். தாமதித்தால் காலையே எடுக்கும்படி ஆகிவிடும். மாத்திரைகளையும் நிறுத்தக் கூடாது. தினமும் அம்மாவின் கால் விரல் இடுக்குகளை விளக்கடியில் பார்ப்பது இப்போது என் வேலை. புகையிலை டப்பாவைத் தூக்கி எறிந்ததும் நான்தான். இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை!

முதல் நாள் குளத்தின் ஒரு கரை முடிவதற்குள் வலி வந்துவிட்டது. "சனியன், நீயும் உன் டாக்டரும்" என்று திட்டிக்கொண்டே படியில் உட்கார்ந்தாள். தினசரிக் காலண்டரில் கரைக் கணக்கைப் பென்சிலால் எழுதி வைத்தேன். மூன்றாவது வாரம் ஒன்றேகால். ஏழாவது வாரம் ஒன்றரை. பன்னிரண்டாவது வாரம், நிற்காமல் இரண்டரைக் கரை.

போன பிரதோஷத்தன்று நான் சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தால் திண்ணை காலி. செருப்பையும் காணோம். கோயில் வாசலில் பூக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள் அம்மா.